அர்ஜென்டினாவுக்குப் போன கால்

கிரானக்டன் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆற்றங்கரையில் புகைவது கிரானக் உருக்காலை. ஆற்றைக் கடப்பது கிரானக் பாலம். ஆலையில் அடிபட்டவனைக் கொண்டுபோய்ப் போடுவது கிரானக் மருத்துவமனை, அங்கே பிழைக்காதவனைக் கொண்டுபோய்ப் போடுவது கிரானக் இடுகாடு. ஆகவே, மேற்கே வயோமிங் பொட்டல்காட்டில் கோடானுகோடி வருஷம் பெயரில்லாமல் நிம்மதியாகக் கிடந்த ஒரு ராட்சதப் பிராணியின் எலும்புகளைத் தோண்டி ரயிலில் கொண்டுவந்தபோது, அதற்கு யார் பெயரை வைப்பார்கள் என்று ஊரில் ஒருவரும் பந்தயம் கட்டவில்லை. பண்டிதர்கள் கிரானக்கை லத்தீனில் நீட்டி வைத்தார்கள். ஆலைக்காரர்கள் அதை முதலாளிப் பல்லி என்றார்கள்.

பல்லி தன் பாட்டுக்கு கிரானக் அறநிலையத்தின் பெரிய கூடத்தில் நின்றுகொண்டிருந்திருக்கும். கடல் கடந்து விருந்துக்கு வந்த ஒரு ராஜா அதன் படத்தைப் பார்த்து, "நல்லா இருக்கே," என்று சொல்லித் தொலைத்தார். விருந்துக்குப் போன இடத்தில் எதைப் பார்த்தாலும் நல்லா இருக்கே என்பது நாகரிகம். மேசைவிரிப்பைப் பார்த்தும்தான் சொல்லியிருப்பார். ஆனால் தாடியஸ் கிரானக் முதலாளி அன்றிரவே முடிவு செய்துவிட்டார். அசலைக் கொடுக்க மனசு வராது. ஆகவே அச்சு எடுத்து, மாவைக் கரைத்து ஊற்றி, தலை முதல் வால் வரை இன்னொரு பல்லி வார்த்து, பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார். அதைக் கேள்விப்பட்ட பக்கத்து நாட்டு ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. அவருக்கும் ஒன்று போயிற்று. பிறகு ஒரு ஜார், ஒரு பேரரசர், இரண்டு குடியரசுத் தலைவர்கள். ஒரே பல்லியை வைத்திருக்கும் இரண்டு நாடுகள் ஒருநாளும் சண்டை போட்டுக்கொள்ளாது என்பது முதலாளி கண்டுபிடித்த தத்துவம். அதே ராஜாக்களுக்கு அவர் ஆலையிலிருந்து போர்க்கப்பல் தகடும் பீரங்கிக் குழாயும் போய்க்கொண்டிருந்தன. பல்லி இலவசம், பீரங்கி விலைக்கு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவனையாவது மன்னிக்கலாம், அவன் பிள்ளையாரிடம் துப்பாக்கி விற்கவில்லை.

இந்த தர்மத்தால் ஊரில் மாவுப் பஞ்சம் வந்தது. சாப்பிடுகிற மாவு இல்லை, தண்ணீரில் குழைத்தால் கல்லாகிறதே அந்த வெள்ளை மாவு. ரயிலில் வந்திறங்கும் மூட்டையெல்லாம் நேரே அறநிலையத்துக்குப் போயிற்று. ஸ்லோவாக்குகளின் மாதா கோவிலில் கூரைப்பூச்சு பெயர்ந்து பாதிரியார் தலையில் விழுந்தது, திரும்பப் பூச வழியில்லை. மாதா சிலைக்கு ஒரு கை போயிற்று, அதையும் ஒட்ட வழியில்லை. இதையெல்லாம் பார்த்து மத்தேய் ஹ்ரிவ்னாக் சிரித்திருக்கிறான். அவனுக்கு அப்போது இரண்டு காலும் நேராக இருந்தன.

மத்தேய் உலைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். ஸ்லோவாக் மலைக்கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவன், மனைவி வெரோனா, அவள் தம்பி ஓந்த்ரேய், மூன்று பேரும் கம்பெனி வீட்டில் குடியிருந்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்களும் ராத்திரி ஆட்களும் முறை மாறுவார்கள். மாறுகிற அன்று ஒரு கூட்டம் முழுநாளும் இறங்காமல் உலையோடு நிற்க வேண்டும். அப்படி நின்று, நின்றபடியே கண் சொருகிய நேரத்தில், இரும்புப் பாளம் ஏற்றிய தள்ளுவண்டி சரிந்து அவனுடைய இடதுகால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

கிரானக் மருத்துவமனையின் டாக்டர் ஹேஸ்லட் கெட்டிக்காரர். நாலு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, காலை ஒரே இழுப்பாக இழுத்து நேராக்கினார்.

"முடிஞ்சுது," என்றார் டாக்டர். "இப்படியே அசையாம இருந்தா ஆறு வாரத்துல நேராக் கூடிடும். கோடு போட்ட மாதிரி நிக்கும். மாவுக்கட்டு மட்டும் போட்டாப் போதும்."

"போடுங்க டாக்டர்."

"மாவு இல்லையேப்பா."

"அப்போ ரெண்டு பலகைப் பட்டையாச்சும் வெச்சுக் கட்டுங்க."

"பலகையும் இல்லை. எல்லாம் பெட்டி அடிக்கப் போயிடுச்சு. அர்ஜென்டினாவுக்கு ஒரு பல்லி போகுது." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதைச் சும்மா சாக்குல கட்டி அனுப்ப முடியுமா? எலும்பெல்லாம் உடைஞ்சிடாதா?"

வெரோனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டாம விட்டா இவரு கால் என்ன ஆகும்?"

"கூடும். ஆனா அது இஷ்டத்துக்குக் கூடும்."

அப்படிக் கூடினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லவேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். அடிபட்டுத் தேறி வருகிறவனுக்கு ஆலை வாசலில் மேஸ்திரி மெக்கார்டில் ஒரு பரீட்சை வைப்பார். வாசலிலிருந்து எடைமேடை வரைக்கும் போகும் தண்டவாளத்தில், ஒற்றை இரும்பின் மேல், கையை விரிக்காமல் நடந்து காட்ட வேண்டும். நடந்துவிட்டால் வேலை. கால் தரையில் பட்டால் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போகலாம், வீட்டையும் அந்த வாரத்துக்குள் காலி செய்துவிட்டு. மத்தேயின் வேலை, வீடு, குளிர்காலம் எல்லாம் அந்த ஒற்றை இரும்பின் மேல் இருந்தன.

ஓந்த்ரேய் வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துவந்தான். அதில் மத்தேயைப் படுக்கவைத்து, கால் அசையாமல் தலையணையால் அணைத்து, சாராயக்கடை வண்டியில் ஏற்றி, அறநிலையத்துக்கே ஓட்டினார்கள்.

"ஒரு வாளி மாவு, மச்சான்," என்றான் ஓந்த்ரேய். "மலை மாதிரி வெச்சிருக்கானுங்க. ஒரு வாளி கேட்டா இல்லைன்னா சொல்லிடுவானுங்க?"

அறநிலையத்தின் வாசலில் பளிங்குப் பலகை ஒன்று உண்டு. இங்கே எச்சில் துப்பாதீர்கள் என்று அதில் பொன்னெழுத்தில் பல பாஷைகளில் பொறித்திருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் பல்லி போகும்போது அந்த நாட்டுப் பாஷையில் ஒரு வரி சேர்ப்பார்கள். நன்றி சொல்ல வரும் தூதர்கள் துப்பிவிடக் கூடாதல்லவா. ஸ்பானிய மொழிக்காக ஒருவன் ஏணியில் நின்று உளியால் தட்டிக்கொண்டிருந்தான்.

இயக்குநர் டாக்டர் வின்ட்ராப் நல்ல மனிதர், அதாவது கோபப்படத் தெரியாதவர். பட்டறைக்குள் கதவோடு படுத்திருந்த மத்தேயைக் குனிந்து பார்த்து, முழுக் கதையையும் கேட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் கூரை முட்ட மாவு மூட்டைகள்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றார். "ஆனா இது தர்மத்துக்கு வந்த மாவு. கண்டவங்களுக்குக் கொடுக்க முடியாது. நாட்டுத் தலைவர்களுக்கு மட்டும்தான்னு பத்திரத்துல இருக்கு. நீ எந்த நாடு?"

"ஸ்லோவாக்குங்க."

இயக்குநர் மேசைமேல் இருந்த பெரிய உலக உருண்டையைச் சுற்றினார். நிறுத்தினார். மறுபக்கம் சுற்றினார். "அப்படி ஒரு நாடு இல்லையே."

"நாங்க இருக்கோமேய்யா."

"நீங்க இருக்கலாம். நாடு இல்லை. உங்க மலையெல்லாம் ஹங்கேரிக்குள்ள வருது. ஹங்கேரி வியன்னாப் பேரரசருக்குக் கீழ. அவருக்குப் பல்லி கொடுத்தாச்சு." அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா உனக்கும் கொடுத்தாச்சு. உன் பங்கு மாவும் அதுல அடக்கம்."

"எனக்கு வந்து சேரலையேய்யா."

"அதை நீ உன் பேரரசர்கிட்டதான் கேட்கணும்."

ஓந்த்ரேய் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரும்போது சாராயக்கடை கஷ்பாரைக் கூட்டிவந்தான். கஷ்பார், ஸ்லோவாக்குகளின் பரஸ்பர உதவிச் சங்கத்தின் தலைவன். சங்க விழாவுக்கென்று வைத்திருந்த சிவப்புப் பட்டையைக் குறுக்கே மாட்டி, இறகு வைத்த தொப்பி போட்டு, இடுப்பில் வாளும் தொங்க, மணக்க மணக்க வந்து நின்றான். இவர்தான் எங்கள் தலைவர் என்றான் ஓந்த்ரேய். கொடி உண்டு, வாள் உண்டு, சந்தா கட்டும் ஜனங்கள் உண்டு, இன்னும் என்ன வேண்டும்.

இயக்குநர் மரியாதையாக எழுந்து நின்றார். கஷ்பார் கூடத்தில் நின்ற பல்லியை அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் ஏதோ ஏறியது.

"மாவு எதுக்குங்க சில்லறையா?" என்றான் கஷ்பார். "இதையே ஒண்ணு கொடுத்திடுங்க. கடை மாடியில வெச்சிக்கிறோம். போலந்துக்காரன் சங்கத்துல இப்படி ஒண்ணு கிடையாது."

"டேய், கால்டா," என்றான் மத்தேய் கதவிலிருந்து.

"இருய்யா, பேசிக்கிட்டிருக்கோம்ல."

துறைமுகம் உண்டா, தூதரகம் உண்டா, போர்க்கப்பல் வாங்கும் உத்தேசம் உண்டா என்று இயக்குநர் விசாரித்தார். மூன்றுக்கும் இல்லை என்றதும் உட்கார்ந்துகொண்டார். கஷ்பார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனான், அவமானப்பட்டுப்போன தேசம் மாதிரி. தாவாங்கட்டையில் அடி வாங்குகிறவனும் அடிக்கிறவனுடைய பொம்மைக்கு ஆசைப்படுகிறான் என்றால், பொம்மை கொடுத்தே உலகத்தை ஆளலாம் என்று முதலாளி கணக்குப் போட்டதில் தப்பே இல்லை.

அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அப்போதுதான் பட்டறையின் உள்ளிருந்து வார்ப்புக்காரன் செராஃபினோ வந்தான். இத்தாலிக்காரன், தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளை மாவு. அர்ஜென்டினாப் பல்லியின் முன்னங்கால் எலும்பை வார்க்க முடியாது என்று சொல்ல வந்திருந்தான். உள்ளே நிற்பதற்கு இரும்புக் கம்பி வேண்டும், ஆலை அனுப்பவில்லை. ஒரு ராஜா அவசரமாகப் பீரங்கி கேட்டிருக்கிறார்.

"உள்ளே ஏதாவது இருந்தாத்தான் மாவு நிக்கும், ஐயா. இல்லைன்னா பொலபொலன்னு போயிடும்."

இயக்குநரின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி, தலையணைகளுக்கு நடுவே நேராக நீட்டியிருந்த காலின் மேல் நின்றது. செராஃபினோவும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தான்.

"நீளம் சரியா இருக்கு," என்றான்.

ஒரு நிறுவனம் யோசிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாடு அசைபோடுவதைப் பார்ப்பது போல. அவசரமில்லை, கடைசியில் ஏதாவது விழும். இயக்குநர் யோசித்து முடித்தார்.

"மாவு பல்லிக்குத்தான் போகணும். அதுல மாத்தமே இல்லை. ஆனா பல்லியோட எலும்புக்குள்ள என்ன இருக்கணும்னு பத்திரத்துல எங்கேயும் சொல்லலை. மத்த எலும்புல எல்லாம் இரும்புக் கம்பி. இதுல ஒரு ஹங்கேரிக்காரன்."

"ஸ்லோவாக்," என்றான் மத்தேய்.

"கம்பி வந்ததும் வேற ஒண்ணு வார்த்து அதை அனுப்பிடுவோம். இதை நீயே வெச்சுக்கலாம். ஆறு வாரம்தானே கேட்டே?"

மத்தேய் அவர் கையை முத்தமிட்டான். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் முத்தமிட்டான்.

காலுக்கு எண்ணெய் தடவி, அச்சின் ஒரு பாதியில் வைத்து, மறுபாதியை மூடி, மாவை ஊற்றினார்கள். மாவு இறுகும்போது சூடேறி, பிறகு குளிர்ந்து, வலி முதன்முறையாக அடங்கிற்று. அச்சைத் திறந்தபோது மத்தேயின் முழங்காலுக்குக் கீழே பாதம்வரை ஒரு அசல் ராட்சதப் பல்லியின் முன்னங்கால் எலும்பு இருந்தது, முனையில் ஐந்து விரல் மட்டும் நீட்டிக்கொண்டு. செராஃபினோ அதற்குப் பழைய எலும்பின் பழுப்புநிறம் பூசினான், கைவேகத்தில் கால்விரலுக்கும் பூசிவிட்டான். மேலே முத்திரை குத்தினார்கள்: தாடியஸ் கிரானக்கின் அன்பளிப்பு, அர்ஜென்டினக் குடியரசுத் தலைவருக்கு.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்று ஓந்த்ரேய் கதவைத் தூக்கியபோது காவல்காரன் தடுத்தான். ஆள் போகலாம், எலும்பு போகக் கூடாது. அது ஒரு அயல்நாட்டின் சொத்து.

ஆகவே மத்தேய் பட்டறையிலேயே குடியிருந்தான். வெரோனா தினமும் ஹாலுஷ்கி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்து, பாலாடைக்கட்டி தூவி, தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். எலும்பின் மேல் பாலாடைக்கட்டி சிந்தக் கூடாது என்று காவல்காரன் ஒரு துணியைப் போர்த்திவிடுவான். பார்வையாளர்கள் வரும்போது முழங்காலுக்கு மேலே திரைபோட்டு மறைத்து, எலும்பை மட்டும் வெளியே காட்டுவார்கள். மாதர் கழகத்துச் சீமாட்டிகள் வந்து கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவினார்கள். இது உயிரோடு இருந்தபோது எவ்வளவு கஷ்டப்பட்டிருக்குமோ என்று ஒரு சீமாட்டி மூக்கைச் சிந்தினாள். அவள் புருஷன் உலைக்கூடத்து மேலாளர், முறை மாறும் ஞாயிற்றுக்கிழமையில் முழுநாள் வேலை என்று உத்தரவு போட்டவர்.

"வேர்க்குதா?" என்று வெரோனா கேட்டாள்.

"அரிக்குது."

"அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம். ஒரு ராஜாவுக்கு இப்படி ஒரு கட்டுப் போட்டிருப்பாங்களா சொல்லு. நீ அந்தத் தண்டவாளத்து மேல நடக்கிறப்போ மெக்கார்டில் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணும்."

அவளுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கம்பி மட்டும் வரவில்லை. பீரங்கிக்குப் பிறகு கப்பல் தகடு வந்தது, கப்பல் தகட்டுக்குப் பிறகு இன்னொரு ராஜாவின் பீரங்கி. முதல் ராஜா வாங்கிவிட்டதால் இரண்டாவது ராஜா பயந்து வாங்கினார். இருவரிடமும் பல்லி இருந்தது.

மூன்றாம் வாரத்தில் முதலாளியே வந்தார். அர்ஜென்டினாவில் ஏதோ பெருவிழாவாம், கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறதாம், அதற்கு முன்னால் பல்லிக்கு விடைகொடுக்க வேண்டுமாம். பட்டறையில் விரிப்பு விரித்து, கொடிகளைக் கட்டினார்கள். தாடியஸ் கிரானக் குள்ளமான, சுத்தமான, வெள்ளைத்தாடிக் கிழவர். நேரே அந்த முன்னங்கால் எலும்புக்கு வந்து அதன் மேல் கையை வைத்துப் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, பணக்காரனாச் சாவறவன் வெக்கப்படணும்னு நான் அடிக்கடி சொல்றதுண்டு. அதனாலதான் நான் இன்னும் சாகலை." எல்லோரும் சிரித்தார்கள். "என்கிட்ட வேலை பாக்கிறவங்க கேக்கறாங்க, எங்களுக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கன்னு. கொடுத்தா என்ன செய்வாங்க? தின்னுடுவாங்க. அப்புறம் என்ன மிச்சம்? ஆனா ஒரு நாட்டுக்கு எலும்பைக் கொடுத்தா அது நிக்கும். எலும்புதான் நண்பர்களே நாகரிகம், சதையெல்லாம் வீண்செலவு." அவர் குரல் தழுதழுத்தது. "அடிபட்ட ஒரு உயிரைப் பாத்தா எனக்குத் தாங்காது. இந்த வாயில்லாப் பிராணி கால் ஒடிஞ்சு கிடந்தப்போ யாரு வந்து பாத்தா? யாரும் இல்லை. நான் அப்போ இல்லாமப் போயிட்டேனே." கையை எடுத்துப் பார்த்தார். "இது ஏன் வெதுவெதுன்னு இருக்கு?"

மத்தேய் திரைக்குப் பின்னாலிருந்து, "ஐயா, இன்னும் மூணு வாரம்," என்றான்.

முதலாளி திரையை விலக்கினார். "இது யாரு?"

"உள்கம்பிங்க," என்றார் இயக்குநர்.

"நம்ம ஆலையில செஞ்சதா?"

"நம்ம ஆலையில ஒடிஞ்சதுங்க."

"நல்லது. எதையும் வெளியில வாங்காதீங்க." திரையை அவரே ஒழுங்காக இழுத்து மூடினார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

அன்று மாலையே எலும்பைக் கேட்டார்கள். வெரோனா இயக்குநரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"கம்பி வந்ததும் வேற வார்க்கறேன்னீங்களே. கால் இன்னும் கூடலைய்யா. இப்போ எடுத்தாக் கோணிக்கும். வேலை போயிடும், வீடு போயிடும்."

"அம்மா, நான் சொன்ன வார்த்தை மாறவே இல்லை. கம்பிதான் வரலை." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதுதான் அவரிடம் அருவருப்பு. "நீயே யோசிச்சுப் பாரு. ஒரு பக்கம் ஒரு காலு. இன்னொரு பக்கம் ஒரு குடியரசு. குடியரசு ஒரு முன்னங்கால் இல்லாம நொண்டிக்கிட்டு நிக்கலாமா? உலகம் நம்மைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அடுத்த கப்பல்ல அந்த ஒரு எலும்பை அனுப்பக் கூடாதா?" என்றான் ஓந்த்ரேய்.

"தம்பி, அன்பளிப்பைத் தவணையில கொடுத்தா அதுக்குப் பேரு வியாபாரம்."

செராஃபினோ ரம்பத்தைக் கையிலெடுத்ததும் மாதாவைக் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு அறுத்தான். நெடுக இரண்டாகப் பிளந்து காலை வெளியே எடுத்து, உள்ளே வெற்றிடமாகவே பாதிகளை மறுபடி ஒட்டி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்து, அசையாமல் இருக்க நாலு பக்கமும் பலகைப் பட்டை கொடுத்து ஆணியடித்தார்கள். மத்தேயை அதே பழைய கதவில் வைத்துக் கல் பதித்த தெருவில் வண்டியோட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே கால் தன் இஷ்டத்துக்குப் போயிற்று. வெரோனா விறகுக்கட்டையும் கிழிந்த துணியும் வைத்து இறுக்கிக் கட்டினாள். கால் கூடியது. அரிவாள் வளைவில் கூடியது.

வசந்தம் வந்ததும் மத்தேய் மெக்கார்டில் மேஸ்திரி முன்னால் தண்டவாளத்தில் ஏறினான். இரண்டு அடி வைத்தான். ஓந்த்ரேய் உள்பட உலைக்கூடத்து ஆட்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவதில் கோணல் கால் வழுக்கித் தரையில் பட்டது.

"என்னப்பா மத்தேய்," என்றார் மேஸ்திரி. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "காலை நேரா வெச்சுக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். கஷ்பார் தன் சாராயக்கடைக்குப் பின்னால் பீப்பாய் அறையில் இடம் கொடுத்தான். வெரோனா ஆலைக்காரர்களின் துணிகளைத் துவைத்தாள், மத்தேய் கடையில் எச்சில் குவளை கழுவினான். ஓந்த்ரேய் மட்டும் ஆலைக்குப் போய்வந்தான், மச்சானைப் பார்க்கிறபோதெல்லாம் தன் இரண்டு காலையும் ஒளித்துவைக்கப் பார்ப்பவன் போல உட்காருவான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊரில் நடக்கிற நூறில் ஒன்று என்று விட்டுவிடலாம். ஆனால் தர்மம் அப்படிச் சும்மா விடாது. அது திரும்பி வரும்.

அர்ஜென்டினாவில் பல்லியை நிறுத்தும்போது உள்ளே கம்பியில்லாத அந்த முன்னங்கால் எலும்பு பாரம் தாங்காமல் பிளந்தது. உள்ளே பார்த்த அந்த நாட்டுப் பண்டிதர்கள் திகைத்தார்கள். கெண்டைக்கால் சதை, மயிர்க்கால், கணுக்கால் எல்லாம் அச்சு அசலாகப் பதிந்த ஒரு மனிதக் கால் வடிவம் இருந்தது. அவர்கள் பண்பட்டவர்கள். வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்று அந்தக் குழிவில் மாவு ஊற்றி, அழகான ஒரு கால் வார்த்து, நட்பின் அடையாளமாகக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். கிரானக்டனில் பேண்டு வாசித்து அதை வரவேற்றார்கள். பல்லிக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல், இரு நாட்டுக் கொடிகளுக்கு நடுவே வைத்தார்கள். பல்லி வாழ்ந்த காலத்திலேயே மனிதன் இருந்திருக்கலாம் என்று இயக்குநர் ஒரு கட்டுரை படித்தார். அந்த மனிதனுக்கும் லத்தீனில் கிரானக் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பார்க்கப் போனார்கள். மேஸ்திரி மெக்கார்டில்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார். மத்தேய் தடியை ஊன்றிக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்டே போனான். கெண்டைக்காலில் அவரை விதை அளவுக்கு ஒரு தழும்பு. உலையிலிருந்து தெறித்த துளி பட்ட இடம். அவன் கால்சட்டையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான்.

"ஐயா," என்றான் இயக்குநரிடம். "இது என் கால்."

இயக்குநர் சிரிக்கவில்லை. அவர் யாரையும் பார்த்துச் சிரிப்பவரில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, இரண்டையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இல்லைப்பா," என்றார் அன்பாக. "நல்லாப் பாரு. இது நேரா இருக்கு. உன்னோடது கோணல்."

"அன்னிக்கு நேராத்தான் இருந்துச்சுய்யா."

மேஸ்திரியும் எட்டிப் பார்த்தார். ரசித்துப் பார்த்தார். "என்ன ஒரு கால்," என்றார். "இப்படி ஒரு காலோட வந்தான்னா, எவனா இருந்தாலும் நாளைக்கே வேலை கொடுப்பேன்."

மத்தேய் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். ஓந்த்ரேய் தரையைப் பார்த்தான். வெரோனா கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, தான் அத்தனை நாள் சோறு போட்டுக் காத்த அந்த நேரான காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். வாயைக் கூட்டி, நிதானமாக, குறிபார்த்து, அந்தக் கண்ணாடியின் நடுவில் துப்பினாள்.

எச்சில் இரு நாட்டுக் கொடிகளுக்கும் நடுவே மெல்ல வழிந்தது. காவல்காரன் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான்.

"ஏய், வாசல்ல இத்தனை பெருசா எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் வெரோனா. "போய்ப் பாரு. எங்க பாஷையில எழுதலை."